ஆட்டுச் சிவப்பணுவில் பேண்ட் 6 உண்மையிலேயே இல்லையா?

சிற்றாற்றுப்பெண்:

எல்லோருக்கும் வணக்கம். பாளையங்கோட்டையில் எம்.எஸ்சி. உயிர்வேதியியல் கடைசி ஆண்டு படிக்கிறேன். மனிதர், ஆடு, பசு, நாய் ஆகிய நால்வரின் சிவப்பணுச் சவ்வுப் புரதங்களை ஜெல்லில் ஓட்டி ஒப்பிடுவதுதான் என் புராஜெக்ட். மனித ரத்தம் என்னுடையதே, நெறிமுறைக் குழுவில் அனுமதி வாங்கியாயிற்று. ஆட்டு ரத்தம் ஞாயிறு விடியற்காலையில் மேலப்பாளையத்துக் கறிக்கடை ஒன்றில் பிடித்தது. பசு, நாய் இரண்டும் கால்நடை மருத்துவர் ஒருவர் பரிசோதனைக்கு எடுத்ததில் மிஞ்சியவை.

மனித ஜெல் புத்தகத்தில் இருப்பதுபோலவே வந்துவிட்டது. மேலே ஸ்பெக்ட்ரின் இரட்டைக் கோடு, நடுவில் தடித்த பேண்ட் 3, கீழே 4.1, 4.2, ஆக்டின், பேண்ட் 6. நாயும் பசுவும் ஏறத்தாழ அப்படியே. ஆட்டில்தான் சிக்கல். பேண்ட் 6 இருக்க வேண்டிய இடம் வெறுமையாக இருக்கிறது. பேண்ட் 3 மெலிவு. ஸ்பெக்ட்ரினுக்கும் பேண்ட் 3க்கும் நடுவே ஏணிப்படி மாதிரி மூன்று நான்கு கோடுகள், அவை மற்ற மூவரிடமும் இல்லை.

"ஆட்டில் பேண்ட் 6 கிடையாது, பேண்ட் 3ம் குறைவு, அதனால்தான் ஆட்டு அணு உப்புக் குறைந்த நீரில் சீக்கிரம் உடைகிறது" என்று எழுதச் சொல்கிறார் சார். கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் எழுதக் கை வரவில்லை. வைவாவுக்கு இன்னும் மூன்று வாரம்.

சும்மாபார்ப்பவன்:

பேண்டு என்றதும் கல்யாண வீட்டுச் சங்கதி என்று நினைத்து உள்ளே வந்துவிட்டேன். வந்தது வந்தாயிற்று, யாராவது விளக்குங்களேன்.

பொதிகைநிழல்:

வாங்க, உட்காருங்க. சிவப்பணுவை உப்புக் குறைந்த நீரில் போட்டால் ஊதி வெடிக்கும். உள்ளே இருக்கும் ஹீமோகுளோபினைக் கழுவிவிட்டால் வெறும் தோல் மிஞ்சும். வெளுத்த அந்தத் தோலுக்கு லேபில் பெயரே 'கோஸ்ட்', நம்ம பாஷையில் பேய். 1963இல் டாட்ஜும் கூட்டாளிகளும் எழுதிய கழுவு முறைதான் இன்றைக்கும் அடிப்படை. அந்தத் தோலை சோப்பு போன்ற எஸ்டிஎஸ்ஸில் கரைத்து ஜெல்லில் மின்சாரம் விட்டால், பெரிய புரதம் மேலேயே நிற்கும், சிறியது கீழே ஓடும். நீலச் சாயம் ஏற்றினால் கோடு கோடாகத் தெரியும். 1971இல் ஃபேர்பேங்க்ஸ், ஸ்டெக், வாலக் மூவரும் மேலிருந்து கீழே எண் போட்டார்கள். 1, 2 என்பது ஸ்பெக்ட்ரின். 2.1 ஆங்கிரின். 3 என்பது குளோரைடையும் பைகார்பனேட்டையும் கைமாற்றும் வாயில். 5 ஆக்டின். 6 என்பது சர்க்கரையை உடைக்கும் வரிசையில் வரும் ஒரு என்சைம், ஜிஏபிடிஎச்.

கயிற்றுக் கட்டிலை நினைத்துக்கொள்ளுங்கள். ஸ்பெக்ட்ரின்தான் கயிறு. கயிறுகள் சேரும் முடிச்சில் ஆக்டினும் 4.1ம். அந்தப் பின்னலை மேலே விரித்த சவ்வோடு பிடித்து வைக்கும் ஆணி ஆங்கிரின், அது பேண்ட் 3இல் அடிக்கப்பட்டிருக்கிறது. மண்ணீரலில் ஓரிரு மைக்ரான் இடுக்கு வழியாக அணு நசுங்கிப் புகுந்து மறுபடி பழைய வடிவத்துக்கு வருகிறதே, அது இந்தப் பின்னலின் வேலை.

தங்கச்சிக்கு: சார் சொல்வதை இப்போதைக்கு எழுத வேண்டாம். மூன்று வாக்கியத்திலும் மூன்று தனித்தனிச் சந்தேகம் இருக்கிறது.

பழைய லேப் அண்ணாச்சி:

முப்பது வருஷம் ரத்தத்தோடு குப்பை கொட்டியவன் கேட்கிறேன். கறிக்கடையில் ரத்தத்தை எதில் பிடித்தாய் தாயி? சில கடைகளில் பொரியலுக்கு ரத்தம் பிடிக்கும் பாத்திரத்தில் முதலிலேயே உப்பும் கொஞ்சம் தண்ணீரும் விட்டு வைப்பார்கள். அதில் பிடித்திருந்தால் உன் கணக்கு அங்கேயே காலி.

இன்னொன்று. எத்தனை சுற்றில் சுற்றினாய்? ஆட்டு அணு 3 மைக்ரான் சொச்சம்தான், நம்முடையதில் பாதிகூட இல்லை. மனித ரத்தத்துக்கு வைக்கும் அதே வேகம், அதே நேரம் வைத்தால் சரியாகப் படியாது. வெள்ளையணுப் படலம் பிரியாமல் சிவப்போடு கலந்து கிடக்கும். அந்த வெள்ளையணுக்களுக்குள் இருக்கும் புரதம் தின்னி என்சைம்கள் பொல்லாதவை. அணு வெடிக்கும்போது அவையும் வெளியே வந்து ஸ்பெக்ட்ரினையும் ஆங்கிரினையும் கடித்துத் துண்டாக்கும். உன் ஏணிப்படி அதுதான் என்று என் கை சொல்கிறது.

சிற்றாற்றுப்பெண்:

அண்ணாச்சி, ரத்தத்தை உறையாமல் காக்கும் ஈடிடிஏ குழாயில் நேராகப் பிடித்தேன், பாத்திரத்தில் இல்லை. ஆனால் சுற்று? நான்கு ரத்தத்துக்கும் ஒரே வேகம்தான் வைத்தேன். 'ஒரே மாதிரி செய்ய வேண்டும்' என்றுதான்... புரதம் தின்னிகளைத் தடுக்கும் பிஎம்எஸ்எஃப்பைப் பஃபர் கரைசலில் சேர்த்தேன், காலையிலேயே கலக்கி ஐஸில் வைத்துவிட்டேன்.

பழைய லேப் அண்ணாச்சி:

காலையில் கலக்கியதா! பிஎம்எஸ்எஃப் தண்ணீரில் நிலைக்காது தாயி. ஐசோபுரோபனாலில் கரைத்துத் தனியாக வைத்துக்கொண்டு, அணுவை உடைக்கிற நேரத்தில்தான் பஃபரில் விட வேண்டும். நீ மத்தியானம் விட்டது வெறும் தண்ணீர்.

வெள்ளைப் படலத்தை எடுக்கும்போது கஞ்சத்தனம் வேண்டாம். அதோடு சேர்த்து மேலாக இருக்கும் சிவப்பையும் ஒரு விரற்கடை எடுத்துக் கொட்டிவிடு. ஆட்டு ரத்தம் என்ன, பஞ்சமா?

மந்தைவெளி டாக்டர்:

கால்நடை மருத்துவன். ஜெல் எனக்கு மறந்து பல காலம், ஆனால் மிருகங்களைப் பற்றிச் சொல்லலாம்.

அண்ணாச்சி சொன்ன அளவு சரி. செம்மறிக்கு நாலரை மைக்ரான், பசுவுக்கு ஐந்தரை, நாய்க்கு 7. யானைக்கு 9. நம்ம களக்காடு முண்டந்துறைக் காட்டில் சருகுமான் இருக்கிறதே, அந்தக் குடும்பத்தின் அணு 2 மைக்ரான் அளவுதான், பாலூட்டிகளிலேயே மிகச் சிறியது. அணு சின்னதானால் எண்ணிக்கை கூடும். மனிதருக்கு ஒரு மைக்ரோலிட்டரில் 50 லட்சம் என்றால் ஆட்டுக்கு ஒரு கோடியைத் தாண்டும்.

உடைவதைப் பற்றி: ஆட்டு அணு 0.7 சதவீத உப்புக்கு அருகிலேயே உடையத் தொடங்கும், நம்முடையது அரை சதவீதத்துக்குக் கீழே. இது வருஷக்கணக்காகத் தெரிந்த சங்கதி. அதற்குக் காரணம் பேண்ட் 3 என்று நான் கேள்விப்பட்டதில்லை. ஆட்டு அணுவை மைக்ராஸ்கோப்பில் பாருங்கள், நடுக்குழி அனேகமாகத் தெரியாது. மனித அணு தளர்வாகத் தைத்த தலையணை உறை மாதிரி, நிறைய தண்ணீர் புகுந்தாலும் உருண்டையாகும் வரை தாங்கும். ஆட்டு அணுவில் அந்தத் தளர்ச்சி குறைவு. கொஞ்சம் புகுந்ததுமே விறைத்துவிடும், அப்புறம் வெடிப்புதான்.

இதற்கு நேர் எதிர் ஒட்டகம். அணு முட்டை வடிவம், தட்டை, குழியே கிடையாது. வறண்டு கிடந்து ஒரே மூச்சில் 100 லிட்டர் தண்ணீர் குடித்தாலும் அணு வெடிக்காது. பழைய அளவைவிட இரண்டு மடங்குக்கு மேல் ஊதித் தாங்கும்.

கணக்கப்பிள்ளை:

டாக்டர் ஒட்டகத்தை இழுத்ததால் சொல்கிறேன், அந்த ஒட்டகமே சாரின் கட்சிக்குச் சாட்சி சொல்லும் போலிருக்கிறதே? ஒட்டகச் சவ்வில் கொழுப்போடு ஒப்பிட்டால் புரதம் அதிகம் என்று 1970களிலேயே எழுதியிருக்கிறார்கள். ஒட்டகத்தின் பங்காளி லாமாவில் பேண்ட் 3 மிகுதி என்று 1983இல் வந்தது. மிகுந்தால் தாங்குகிறது, குறைந்தால் உடைகிறது. நேர்க்கோடு.

இன்னொரு சாட்சியும் உண்டு. ஜப்பானியக் கறுப்புமாடுகளில் பேண்ட் 3 அறவே இல்லாத ஒரு பரம்பரைக் குறை இருக்கிறது, 1996இல் இனாபா குழு எழுதியது. அந்த மாடுகளின் அணு உருண்டையாகி எளிதில் உடைகிறது, ரத்தசோகை வேறு. இதற்கு மேல் என்ன வேண்டும்?

பொதிகைநிழல்:

கணக்கப்பிள்ளை, அதே கட்டுரையை நானும் சொல்ல வந்தேன், ஆனால் மறுபக்கத்திலிருந்து. பேண்ட் 3 ஒரு துளிகூட இல்லாமல் அந்த மாடு உயிரோடு வளர்ந்து நிற்கிறது என்பதுதான் எல்லோரையும் அதிர வைத்தது. கன்று நன்றாக வளரவில்லை, சரிதான். ஆனால் செத்துப்போகவில்லை. அதே 1996இல் எலியிலும் பேண்ட் 3ஐ நீக்கிப் பார்த்தார்கள். ஸ்பெக்ட்ரின் பின்னல் அப்போதும் உருவாகி இருந்தது. சவ்வுதான் பிடிமானம் இல்லாமல் துண்டு துண்டாக உதிர்ந்துபோனது. உதிர உதிரப் பரப்பு குறையும், பரப்பு குறைந்தால் உருண்டை, உருண்டையானால் உடையும். அது நோய். ஒவ்வோர் அணுவும் உடம்புக்குள் வந்தபின் தன் தோலை இழக்கிறது. ஆடு எதையும் இழக்கவில்லை, அதன் அணு வார்ப்பே அப்படி. டாக்டர் சொன்ன தளர்ச்சிக் கணக்கு இரண்டுக்கும் பொது, பேண்ட் 3 இரண்டுக்கும் பொது அல்ல.

ஒட்டகம் தேரிக்காட்டில் மேய்ந்தால் நாமே ஒரு குழாய் வாங்கி ஓட்டிப் பார்த்திருக்கலாம். அது நடக்காது, ஆகவே கையில் இருப்பதைப் பேசுவோம். தங்கச்சி, ஒவ்வொரு குழியிலும் எவ்வளவு ஏற்றினீர்கள்?

சிற்றாற்றுப்பெண்:

எல்லாவற்றிலும் 20 மைக்ரோகிராம் புரதம். 12 சதவீத ஜெல்.

பொதிகைநிழல்:

12 சதவீதத்தில் ஸ்பெக்ட்ரின் மூச்சுமுட்டி வாசலிலேயே நிற்குமே. அடுத்த முறை 7 அல்லது 8 வையுங்கள், இல்லையென்றால் 5இலிருந்து 15 வரை ஏறும் ஜெல்.

20 மைக்ரோகிராம் என்பது நியாயமான அளவு. ஆனால் அதை வைத்து 'ஆட்டில் பேண்ட் 3 குறைவு' என்று சொன்னால் எதற்குக் குறைவு என்ற கேள்வி வரும். ஓர் அணுவுக்கா, ஒரு சதுர மைக்ரானுக்கா, மொத்தச் சவ்வுப் புரதத்திலா? ஆட்டு அணு சின்னது, 20 மைக்ரோகிராம் எடுக்க மனிதரைவிட எத்தனையோ மடங்கு அணு வேண்டும். உங்கள் ஜெல் கடைசிக் கேள்விக்கு மட்டும்தான் பதில் சொல்லும். அதுவும் ஏணிப்படி இருக்கும்வரை சொல்லாது. வெள்ளையணுக் குப்பையும் அந்த 20க்குள் சேர்ந்திருக்கிறது.

செய்யக்கூடியது ஒன்றுதான். ஒரே குழிக்குள் ஸ்பெக்ட்ரினுக்கும் பேண்ட் 3க்கும் உள்ள விகிதத்தை எடுங்கள். மனித அணுவில் பேண்ட் 3 சுமார் 10 லட்சம் பிரதி, ஸ்பெக்ட்ரின் ஜோடி சுமார் 2 லட்சம். அதற்காக ஜெல்லில் ஐந்துக்கு ஒன்று தெரியும் என்று எதிர்பார்க்காதீர்கள். ஸ்பெக்ட்ரின் மிகப் பெரியது, ஒரு மூலக்கூறு நிறையச் சாயம் குடிக்கும். விகிதத்தை மிருகத்துக்கு மிருகம் ஒப்பிடலாம், அதை எண்ணிக்கையாக மாற்ற வேண்டாம்.

கணக்கப்பிள்ளை:

சரி, பேண்ட் 3 விஷயத்தில் நான் இறங்கி வருகிறேன். ஆனால் பேண்ட் 6? அது இருக்கிறது அல்லது இல்லை. அதில் என்ன விகிதம்?

பழைய லேப் அண்ணாச்சி:

இருக்கிறதா இல்லையா என்பதே நீ எப்படிக் கழுவினாய் என்பதில் இருக்கிறது. தாயி, கோஸ்ட் வெளுக்கும்வரை நான்குக்கும் ஒரே பஃபர்தானா?

சிற்றாற்றுப்பெண்:

ஐயோ. இதைச் சொல்ல மறந்துவிட்டேன். ஆட்டு கோஸ்ட் எத்தனை முறை கழுவியும் இளஞ்சிவப்பாகவே இருந்தது. சீனியர் அக்கா ஒருவர் கடைசியாக 0.9 சதவீத உப்புநீரில் இரண்டு தடவை கழுவச் சொன்னார். ஆட்டுக்கு மட்டும் அப்படிச் செய்தேன். உடனே வெளுத்துவிட்டது, எனக்கு ஒரே சந்தோஷம்.

பொதிகைநிழல்:

உங்கள் பேண்ட் 6 அந்த உப்புநீரில் சாக்கடைக்குப் போயிருக்க வாய்ப்பு அதிகம்.

மனித அணுவில் ஜிஏபிடிஎச் சவ்வுக்குள் புதைந்த புரதம் அல்ல. பேண்ட் 3இன் வால் உள்பக்கம் நீட்டிக்கொண்டிருக்கிறது, அது நிறைய எதிர்மின் ஏற்றம் கொண்டது, அந்த ஏற்றத்தில் ஒட்டிக்கொண்டு இருப்பதுதான் பேண்ட் 6. உப்பைக் கூட்டினால் பிடி விட்டுவிடும். மனித கோஸ்ட்டிலிருந்து அதைப் பிரித்தெடுக்க லேபில் செய்வதே இதுதான், 0.15 மோலார் உப்பு. உங்கள் 0.9 சதவீதமும் கிட்டத்தட்ட அதே அளவுதான்!

ஆட்டில் உண்மையாகவே ஒட்டாமலும் இருக்கலாம். அந்த வாலின் வரிசை மிருகத்துக்கு மிருகம் நிறையவே மாறுகிறது. ஆனால் உங்கள் ஜெல்லை வைத்து இரண்டில் எது என்று யாராலும் சொல்ல முடியாது. முதலில் உங்கள் சொந்த ரத்தத்தையும் அதே உப்புநீரில் இரண்டு தடவை கழுவி ஓட்டுங்கள்.

சும்மாபார்ப்பவன்:

துப்பறியும் கதை மாதிரி போகிறது, நான் எழுந்திருக்கவில்லை. ஒரு சந்தேகம்: அப்படியென்றால் எல்லா மிருகமும் கடைசியில் ஒன்றுதானா? வித்தியாசமே கிடையாதா? எங்கள் ஊர் ஆலமரத்தில் பழந்தின்னி வௌவால் நூறு தொங்குகிறது, அதற்கும் எனக்கும் ஒரே சிவப்பணுவா?

பொதிகைநிழல்:

வௌவாலைச் சும்மா கேட்டீர்கள், ஆனால் சரியான மிருகத்தைக் கேட்டுவிட்டீர்கள். மனித சிவப்பணுவில் குளுட்1 என்ற சர்க்கரை வாயில் லட்சக்கணக்கில் இருக்கிறது. பெரும்பாலான பாலூட்டிகளின் வளர்ந்த சிவப்பணுவில் அது இல்லை. 2008இல் ஒரு பிரெஞ்சுக் குழு கண்டது: வைட்டமின் சியைத் தானே செய்துகொள்ள முடியாத பாலூட்டிகளில்தான் இது இருக்கிறது. மனிதர், கினிப்பன்றி, பழந்தின்னி வௌவால். பயன்பட்டுப்போன வைட்டமின் சியை உள்ளே இழுத்து மறுபடி புதுப்பிக்க அந்த வாயில் உதவுகிறது. ஆடு அதைத் தன் ஈரலிலேயே செய்துகொள்கிறது, அதற்கு இந்தக் கவலை இல்லை. ஆக, அந்த ஒரு விஷயத்தில் ஆலமரத்து வௌவால் உங்களுக்கு ஆட்டைவிட நெருங்கிய சொந்தம்.

வளர்ந்த பன்றியின் சிவப்பணு இன்னும் வினோதம், குளுகோஸையே உள்ளே விடாது. இனோசின் என்ற வேறொரு பொருளை வைத்துப் பிழைக்கிறது.

பொதுவாகச் சொன்னால் உள்ளே இருக்கும் கட்டில்பின்னல் எல்லோரிடமும் ஒன்றுபோலத்தான். வாயில்களும் வெளிப்பூச்சும்தான் மாறுகின்றன. வெளிப்பூச்சு என்றால் கிளைக்கோஃபோரின். எடையில் பாதிக்கு மேல் சர்க்கரையாக, அதிலும் சியாலிக் அமிலம் என்ற வகை நிறைய இருப்பதால் நீலச் சாயத்தில் சரியாகத் தெரியாது. சர்க்கரையைக் காட்டும் பிஏஎஸ் சாயம் வைத்தால்தான் வரும். அதில் நான்கு மிருகத்தையும் ஓட்டினால் நான்கும் நான்கு விதமாக நிற்கும். மனிதருக்கும் சிம்பன்ஸிக்குமே அங்கே ஒரு பெரிய வேறுபாடு: மற்ற பாலூட்டிகள் பலவற்றில் உள்ள ஒரு வகை சியாலிக் அமிலத்தை மனிதர் செய்வதில்லை, அதற்கான மரபணு நம்மிடம் பழுது. மலேரியாக் கிருமிகளில் ஒரு வகை கிளைக்கோஃபோரினைப் பிடித்துக்கொண்டும் உள்ளே நுழைகிறது என்பதால் இது சின்ன விஷயம் இல்லை. கிருமி எந்தக் கைப்பிடியைப் பிடிக்கிறதோ அதை மாற்றிக்கொண்டே இருக்கிறோம் என்று நினைக்கிறேன். கட்டில் கயிறு யார் கண்ணிலும் படாது, அதை மாற்ற வேண்டிய தேவை வரவில்லை.

இதில் இன்னொரு வேடிக்கை: கிளைக்கோஃபோரின் ஏ முழுவதும் இல்லாத மனிதர்கள் இருக்கிறார்கள், அவர்களுக்கு ஒரு நோயும் இல்லை.

மந்தைவெளி டாக்டர்:

வாயில் என்றதும் நாய் ஞாபகம் வந்தது. 'நாய் ஏறத்தாழ மனிதர் போலவே' என்று பிள்ளை எழுதியிருக்கிறது. ஜெல்லில் அப்படித்தான் தெரியும். ஆனால் பெரும்பாலான நாய்களின் முதிர்ந்த சிவப்பணுவில் சோடியத்தை வெளியே தள்ளிப் பொட்டாசியத்தை உள்ளே இழுக்கும் சோடியம் பொட்டாசியம் பம்ப் இல்லை. முதிரும்போது தொலைத்துவிடுகிறது. உள்ளே பொட்டாசியம் குறைவு, சோடியம் அதிகம். மனித ரத்தம் குழாயில் உடைந்தால் பொட்டாசியம் பொய்யாக ஏறிக் காட்டும். நாய் ரத்தம் உடைந்தால் அவ்வளவாக ஏறாது. ஜப்பானின் அகிதா, ஷிபா நாய்களில் பம்ப் மிஞ்சும் வகைகள் உண்டு, அங்கே மறுபடி ஏமாறலாம். செம்மறியில் ஒரே மந்தைக்குள்ளேயே அணுவில் பொட்டாசியம் அதிகம், குறைவு என்ற இரண்டு வகையும் இருக்கும் என்று எவன்ஸ் 1954இல் எழுதினார்.

இந்தப் பம்ப் மனித அணுவிலேயே சில நூறுதான் இருக்கும், நீலச் சாயத்தில் கோடாக வராது. ஆகவே ஜெல்லில் ஒன்றுபோல இருப்பதால் ஒன்று என்று எழுதிவிடாதீர்கள்.

அப்புறம், கறிக்கடை ஆடு என்ன ரகம்? பால்கன்னியா, செங்கன்னியா, கொடியா, கலப்பா? ஒரே ஓர் ஆடு வைத்து 'ஆட்டில்' என்று எழுதினால் நான் வைவாவில் இருந்தால் விடமாட்டேன்.

சிற்றாற்றுப்பெண்:

ரகம் கேட்கவில்லை, டாக்டர். கறுப்பு என்று மட்டும் தெரியும்.

சும்மாபார்ப்பவன்:

வெந்ததும் எல்லா ரகமும் ஒன்றுதான். ரத்தப் பொரியலில் வெங்காயம் மட்டும் கூடுதலாக இருக்க வேண்டும்.

சிற்றாற்றுப்பெண்:

பதினொரு நாள் கழித்து வருகிறேன், மன்னிக்கவும். லேப் சென்ட்ரிஃபியூஜ் இடையில் நான்கு நாள் படுத்துவிட்டது.

செய்தவை: என் ரத்தத்தை இரண்டு பங்காக்கி, ஒன்றை வழக்கம்போலவும் மற்றதை உப்புநீரில் இரண்டு தடவையும் கழுவினேன். 8 சதவீத ஜெல். முதல் குழியில் பேண்ட் 6 பளிச்சென்று இருக்கிறது. இரண்டாவதில் உற்றுப் பார்த்தால் ஒரு நிழல். மற்ற கோடுகளில் மாற்றம் இல்லை.

மிச்சமிருந்த ஆட்டு ரத்தம் பழையதாகிவிட்டதால் போன ஞாயிறு புதிதாகப் பிடித்தேன். சுற்றும் நேரத்தை இரட்டித்து, வெள்ளைப் படலத்தோடு சிவப்பையும் தாராளமாகக் கொட்டி, பிஎம்எஸ்எஃப்பைக் கடைசி நொடியில் விட்டேன். ஏணிப்படியில் ஒரே ஒரு கோடு மிஞ்சியிருக்கிறது, அதுவும் மெலிசாக. பேண்ட் 3 இப்போது அகலமாக, பட்டையாக வந்திருக்கிறது. ஆனால் உப்புநீர் இல்லாமல் கோஸ்ட் இளஞ்சிவப்பு போகவே இல்லை, கீழ்ப்பக்கம் மங்கலாக இழுத்துவிட்டது. பேண்ட் 6 பற்றி ஒன்றும் சொல்ல முடியவில்லை.

சாரிடம் என் ரத்தத்தின் இரண்டு குழிகளையும் பக்கத்தில் பக்கத்தில் காட்டினேன். கண்ணாடியைக் கழற்றித் துடைத்துவிட்டு மறுபடி பார்த்தார். "மனுஷனுக்கும் போயிருச்சா?" என்று மட்டும் கேட்டார். அந்த மூன்று வாக்கியத்தையும் அவரே அடித்துவிட்டார்.

பழைய லேப் அண்ணாச்சி:

இளஞ்சிவப்புக்குப் பயப்படாதே. உப்பைக் கூட்டாமல் பாஸ்பேட்டை இன்னும் நீர்க்க வைத்து, பி.எச். 8 வைத்து, இரண்டு மூன்று தடவை கூடுதலாகக் கழுவு. ஒவ்வொரு தடவையும் சுற்றை நீட்டு, ஆட்டு பேய் சின்னப் பேய், லேசில் அடியில் உட்காராது. மேல்நீரை எடுக்கும்போது அடியில் கெட்டியாகச் சின்னப் பொட்டு மாதிரி ஒட்டியிருக்கும், அது வெள்ளையணு மிச்சம். குழாயைச் சாய்த்துக் கோஸ்ட்டை மட்டும் நகர்த்தி எடுத்துவிட்டுப் பொட்டைத் தூக்கிப்போடு. அந்தக் கடைசிக் கோடும் போய்விடும் என்று நினைக்கிறேன்.

மந்தைவெளி டாக்டர்:

வியாழக்கிழமை மானூர் பக்கம் ஒரு மந்தையில் ரத்தப் பரிசோதனைக்குப் போகிறேன். எல்லாம் கன்னி ஆடு, ரகத்தில் சந்தேகமே இல்லை. ஆறு ஆட்டில் மிஞ்சுவதைத் தருகிறேன், உங்கள் குழுவின் அனுமதிக் கடிதத்தில் இதையும் சேர்த்துவிடச் சொல்லுங்கள். பத்து மணிக்குள் ஐஸ் பெட்டியோடு வந்துவிட வேண்டும், அதற்கு மேல் வெயில் தாங்காது.

பழைய லேப் அண்ணாச்சி:

குழாய் ஐஸில் நேராகப் படக்கூடாது தாயி. உறைந்தால் அணு வீடு சேரும் முன்னே உடைந்துவிடும். துண்டு சுற்றி வை.

சிற்றாற்றுப்பெண்:

துண்டு எடுத்து வைத்துவிட்டேன் அண்ணாச்சி. மானூருக்கு ஜங்ஷனிலிருந்து காலையில் முதல் பஸ் எத்தனை மணிக்கு என்று யாருக்காவது தெரியுமா?